நான்காம் பாத்தியின் ஈரம்

திருட்டு என்றால் ஓரிடத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் ஐந்து மாதம் தலைகீழாகத் திருடினேன். எடுக்கவில்லை, கொண்டுபோய் ஊற்றினேன். வாரத்துக்கு இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கொட்டகையில் கண்ணயரும் நேரத்தில், இரண்டு கைக்கும் இரண்டு கேன், ஒவ்வொன்றிலும் பத்து லிட்டர் தண்ணீர். இந்த வயதில் என் தோள்பட்டை ஏன் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, "குடும்ப பாரம்" என்றேன். அவரும் நம்பினார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மர ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணியாளன். இது காகிதத்தில். நிலையத்துக்குள் எல்லோருக்கும் நான் 'ஈரமானி'. மண்ணின் ஈரத்தை அளக்கிற கருவிக்கு அதுதான் பெயர். இரண்டு எஃகுக் கம்பி, மேலே சின்னதாக ஒரு திரை. கம்பியை மண்ணில் குத்தினால் திரையில் எண் வரும். பதினெட்டு வருடமாக அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்ததில் கருவியின் பெயர் என்மேல் ஒட்டிக்கொண்டது. கருவியை இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். என்னை இன்னும் மாற்றவில்லை.

மேடம் எங்கள் நிலையத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஆராய்ச்சியாளர், எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்கிற ரகம். டீ ஆறிப்போனால்கூட ஏன் என்று கேட்பார். அவருடைய பெரிய 'ஏன்' இதுதான்: வெட்டவெளியில் மரக்கன்று நட்டால் பாதிக்குமேல் முதல் கோடையிலேயே செத்துப்போகிறது. கொல்வது தாகமா, சுற்றி வளரும் புல்லா?

அதைக் கண்டுபிடிக்க நான்கு பாத்தி போட்டோம். ஒவ்வொன்றிலும் முப்பத்தாறு கன்று. முதல் பாத்தியில் களையும் எடுப்போம், தண்ணீரும் விடுவோம். இரண்டாவதில் களை எடுப்போம், தண்ணீர் கிடையாது. மூன்றாவதில் புல்லை விட்டுவிடுவோம், தண்ணீர் உண்டு. நான்காவதில் புல்லும் அப்படியே, தண்ணீரும் கிடையாது. சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று பலகை. ஒரு பாத்தியை வேண்டுமென்றே சாகக் கொடுத்தால்தான் மற்ற மூன்றும் ஏன் பிழைக்கின்றன என்று தெரியும். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். என் மூளைக்கு இது நன்றாகவே புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை.

எந்தக் கன்று எந்தப் பாத்திக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். "நான் எடுத்தா எனக்குப் பிடிச்சதை நல்ல பாத்தியில போட்டுட்டேன்னு சொல்லுவாங்க. நீங்க எடுங்கண்ணே, உங்க கை பொதுக் கை" என்றார் மேடம். என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, அதில் சீட்டுகளைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

எண்பத்தேழாம் எண் கன்று நான்காம் பாத்திக்கு வந்தது.

அந்த எண்பத்தேழைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்றங்காலில் எல்லா விதையும் முளைத்துப் பதினோரு நாள் கழித்துத்தான் அது முளைத்தது. பையைக் கொட்டிவிடலாம் என்றார்கள். "இருக்கட்டும், சோம்பேறிப் பய, எழுந்திருப்பான்" என்று நான்தான் தடுத்தேன். எழுந்தது. ஆறாவது வாரத்தில் எல்லாவற்றையும்விட ஒரு சாண் உயரம். அதை என் கையாலேயே எடுத்துத் தாகத்துக்கும் புல்லுக்கும் நடுவில் நிறுத்திவிட்டேன். சீட்டைத் திரும்ப டப்பாவுக்குள் போட ஒரு நொடி இருந்தது. மேடம் அப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தார். போடவில்லை. அன்றைக்கு நான் யோக்கியன். என் யோக்கியதைக்கும் ஒரு காலம் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. திங்கள்கிழமைதோறும் ஒவ்வொரு கன்றிலிருந்தும் ஒரு சாண் தள்ளிக் கம்பியைக் குத்தி எண்ணை எழுதினேன். இரண்டாம் பாத்தி பதினான்கு, பதிமூன்று என்று மெதுவாக இறங்கியது. நான்காம் பாத்தி படிக்கட்டில் உருண்ட பானை மாதிரி இறங்கியது: பத்து, எட்டு, ஆறு. இரண்டுக்கும் ஒரே வானம், ஒரே வெயில். நடுவில் புல் மட்டும்தான் வித்தியாசம். இடுப்பளவு வளர்ந்து, பச்சைப்பசேல் என்று, பந்தியில் முதல் வரிசையைப் பிடித்த சொந்தக்காரர்கள் மாதிரி குடித்துக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறந்துவிட்ட நோட்டை எடுக்கப் போனேன். எண்பத்தேழின் இலைகள், கைக்குழந்தை விரலை மூடிக்கொள்வதுபோல் மூடிக்கொண்டிருந்தன. என் பாட்டிலில் குடித்து மிச்சம் அரை லிட்டர் இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது. குடித்து மிச்சம். அதை யாராவது ஆராய்ச்சி மோசடி என்பார்களா?

ஆனால் எண்பத்தேழுக்கு ஊற்றினால் பக்கத்தில் இருக்கிறது பார்க்கிறதே. இலை இல்லாத பக்கமாகத் திரும்பி நின்றாலும் முதுகில் அந்தப் பார்வை குத்துகிறது. வெள்ளிக்கிழமை கேன் எடுத்துக்கொண்டு போனேன். கன்றுக்கு அரை லிட்டர், முப்பத்தாறுக்குப் பதினெட்டு, போக வர சிந்தினது இரண்டு. பாரபட்சம் பார்க்கவில்லை. செய்கிற தப்பை நியாயமாகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை.

இன்னொன்றையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்: நோட்டில் ஓர் எண்ணைக்கூட நான் பொய்யாக எழுதவில்லை. திரையில் பதிமூன்று என்றால் பதிமூன்றுதான். பொய்யை மண்ணுக்குள்ளேயே ஊற்றிவிட்டதால் நோட்டில் எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

எட்டாவது மாதம் மேடம் கூப்பிட்டார்.

"அண்ணே, வாங்க, உக்காருங்க. அதுல வேணாம், அந்த நாற்காலி ஆடும். இதுல." கம்ப்யூட்டரைத் திருப்பினார். நான்கு கோடுகள். "இந்தச் சிவப்புக் கோடு நாலாம் பாத்தி. மூணு மாசம் சரசரன்னு இறங்குது. அப்புறம் பாருங்க, நிமிந்திடுச்சு! களையெடுத்த ரெண்டாம் பாத்தியோட தோளோட தோள் நிக்குது. கன்னும் சாகல. ஏன்?"

"எனக்கு என்ன மேடம் தெரியும்" என்றேன்.

"நான் ரெண்டு வாரமா தூங்கல அண்ணே. அப்புறம்தான் பொறி தட்டுச்சு. புல் சின்னதா இருக்கும்போது தண்ணியக் குடிக்குது. இடுப்பளவு வந்ததும் நிழல் விழுது. வெயில் மண்ணைத் தொட முடியல. ஈரம் உள்ளயே நிக்குது. புல்லு கன்னுக்குக் குடை பிடிக்குதுண்ணே!"

"அடேங்கப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தக் குடையைப் பற்றி எண்பது பக்கம் எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் நன்றியுரை. என்னைப் பற்றி ஒரு வரி. எட்டு மாதம் ஒரு திங்கள்கிழமைகூடத் தவறாமல் அளந்த களப்பணியாளரின் நேர்மையான கைகளுக்கு நன்றி என்றிருந்தது. அந்தக் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"வியாழக்கிழமை கூட்டம். மலைச்சரிவுல நாப்பதாயிரம் கன்னு வைக்கப்போறாங்க இல்ல, அதுக்குக் களையெடுக்கணுமா வேணாமான்னு என்னைக் கேட்டிருக்காங்க. வேணாம், புல்லைத் தொடாதீங்கன்னு சொல்லப்போறேன்" என்றார் மேடம். முகம் முழுக்கச் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, ஏன் என்று கேட்கக்கூட மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். என் கூடப்பிறந்த அக்கா. நிலையத்தில் களையெடுக்கும் பதினோரு பெண்களுக்கு அவள்தான் தலைவி. வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து, களைக்கொத்தைக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடா ஈரமானி. உங்க மேடம் புல்லுக்குப் பாராட்டு விழா எடுக்கப்போறாங்களாமே? மேடையில புல்லை உக்கார வைப்பீங்களா, நட்டு வைப்பீங்களா?"

"யாருக்கா சொன்னா?"

"காத்து சொல்லுச்சு. சரிவுல எங்களுக்கு வேலை கிடையாதுன்னும் சேர்த்துச் சொல்லுச்சு." அரம் கிரீச்சிட்டது. "இருபது வருஷமா புல்லு பிடுங்குறவ நான். மழை விட்டு மூணாம் நாள் களையெடுத்த மண்ணைக் கையில அள்ளினா ஒட்டும். புல்லு நிக்கிற மண்ணு மாவாக் கொட்டும். இதைச் சொல்ல மெஷினு வேணுமா? ஆனா எங்க கைக்குத் திரை இல்லையே, எண்ணு வராதே."

படியில் ஊர்ந்த எறும்பைக் கவனமாகப் பார்த்தேன்.

"நாலாம் பாத்திக்குள்ள நாங்க யாரும் கால் வைக்கிறதில்ல" என்றாள் அக்கா, தீட்டுவதை நிறுத்தாமல். "ஆனா அதுக்குள்ள ஒத்தையடித் தடம் ஒண்ணு போகுது. ஒவ்வொரு கன்னுகிட்டயும் நின்னு நின்னு போகுது."

"திங்கக்கிழமை அளக்கப் போவேன்ல, அந்தத் தடம்க்கா."

"அளக்கிறவன் கன்னுக்குக் கன்னு வட்டமா ரெண்டு அச்சு பதிச்சுட்டா போவான்? கேன் வெச்ச அச்சு மாதிரி இருக்கு. நான்கூட மேடம் சொல்லித்தான் நீ ஊத்துறன்னு நெனச்சு வாயை மூடிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் விளங்குது."

"பாவமா இருந்துச்சுக்கா."

"எது?"

"கன்னு."

அரம் நின்றது. அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. களைக்கொத்தின் முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்:

"சரி. நீ பாத்த முப்பத்தாறு கன்னு பிழைச்சுது. சரிவுல புல்லுக்குள்ள வைக்கப்போற நாப்பதாயிரத்துக்கும் யாருடா கேன் தூக்குவா? நீ போவியா?"

வீட்டுக்கு நடந்துபோகும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நடைக்கு இருபது லிட்டர் என்றால் ஆயிரம் நடை. வாரத்துக்கு இரண்டு தடவை. மலைமேல். என் தோள்பட்டை அந்தக் கணக்கு முடிவதற்குள்ளேயே வலிக்க ஆரம்பித்தது.

புதன்கிழமை காலை சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எட்டரைக்குப் போனபோது மேடம் போனில் தன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாப்பா, நானே கண்டுபிடிச்சது. இல்லப்பா, புத்தகத்துல எங்கயும் இல்ல." எப்படி இருக்கும்? நான் புத்தகத்திலா ஊற்றினேன்? திரும்பி வந்துவிட்டேன்.

பத்தரைக்கு மறுபடி போனேன். "மேடம், அந்த வெள்ளிக்கிழமை விஷயம்..."

"லீவா? எடுத்துக்கோங்கண்ணே. நீங்க லீவு எடுத்து நான் பாத்ததே இல்ல." நல்ல மனுஷிக்கு எதிரில் நின்று அயோக்கியன் என்று ஒப்புக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை.

மத்தியானம் கொட்டகையில் எல்லோரும் கண்ணயர்ந்தார்கள். பழக்கதோஷம், என் கால் கேன் இருக்கும் இடத்துக்கே போய் நின்றது. இரண்டையும் எடுத்தேன். காலிக் கேன். நான்காம் பாத்திக்குப் போகாமல் மேடத்தின் அறைக்குப் போய், எண்பது பக்க அறிக்கைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தேன். அடியில் ஒட்டியிருந்த மண் நன்றியுரையின்மேல் உதிர்ந்தது.

"என்னண்ணே இது?"

"இதுதான் மேடம் அந்தக் குடை."

மேடத்துக்குப் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. எதற்கும் 'ஏன்' கேட்கிறவர் இதற்குக் கேட்கவில்லை. கேனின் பிடியை ஒரு விரலால் தொட்டார். பிறகு கம்ப்யூட்டரில் அந்தச் சிவப்புக் கோடு நிமிர்கிற இடத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் வெளிய இருங்கண்ணே" என்றார். அப்போதும் 'அண்ணே'. அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாகக் கேனைத் தூக்கி என் தலையில் அடித்திருக்கலாம்.

நடைவழி பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. கூப்பிட்டபோது புது நோட்டு ஒன்று திறந்திருந்தது.

"எந்தத் தேதியில ஆரம்பிச்சீங்க?"

சொன்னேன்.

"என்னென்ன கிழமை? ஒரு கன்னுக்கு எவ்வளவு? தண்டுக்குப் பக்கத்துலயா, தள்ளியா? எந்த வாரமாவது விட்டுப்போச்சா?"

"ஒரு வாரம், மேடம். எனக்குக் காய்ச்சல்."

"எந்த வாரம்?"

அதையும் சொன்னேன். கோட்டில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. மேடம் அதைப் பேனாவால் காட்டிவிட்டு, "இதுக்கும் ஒரு காரணம் எழுதியிருந்தேன், ரெண்டு பக்கம்" என்றார். சிரிப்பதுபோல வாய் கோணியது. சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு என் பேரைச் சொல்லிடுங்க மேடம்."

"எதுக்கு? பாத்தி என்னோடது. வாராவாரம் நானும் உள்ள போய்ப் பாத்திருந்தா தடம் தெரிஞ்சிருக்கும். போகல."

மறுநாள் கூட்டத்தில் நான்காம் பாத்தியின் அளவுகள் செல்லாது என்று மட்டும் சொன்னாராம். களையெடுப்பதை நிறுத்த ஆதாரம் இல்லை, இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்றாராம். நான் வெளியே நின்றிருந்தேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாது. எனக்கென்னவோ எட்டு மாதமும் சேர்ந்து சிரித்ததுபோல் கேட்டது. சரிவில் களையெடுப்பு உண்டு என்று முடிவானது. அக்காவுக்குச் சொன்னேன். "ம்" என்றாள். என்னை இப்போதைக்கு மன்னிக்கிற உத்தேசம் இல்லாத 'ம்'.

வேலையை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்தார். காகிதத்தைத் திருப்பினார். காலியாக இருந்த பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு அட்டவணை வரைந்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நாலாம் பாத்திக்கு இனிமே ஒரு சொட்டு கிடையாது. திங்கக்கிழமை மட்டும் இல்ல, தினமும் அளக்கணும். நீங்கதான் அளக்கணும். உள்ள போகும்போது குடிக்கிற பாட்டில் வெளிய இருக்கட்டும்."

மழைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. பதிமூன்று, ஒன்பது, ஏழு, ஐந்து. கருவி கெட்டுப்போயிருக்கலாம் என்று ஒரு நாள் ஈரத்துணியில் குத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கன்றாகச் சாகச் சாக, 'உயிருடன்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். இரண்டாம் பாத்தியிலும் தண்ணீர் கிடையாது. அங்கே அந்த ஏழு வாரத்தில் செத்தது நான்கு. நான்காம் பாத்தியில் முப்பத்தொன்று. எண்பத்தேழு கடைசியில் போனது. முளைக்கவும் தாமதம், போகவும் தாமதம்.

அதை மேடம் தோண்டச் சொன்னார். மண்வெட்டியை எடுத்தபோதே பதிலை எதிர்பார்த்து அவர் முகம் கூர்மையானது. இரண்டாம் பாத்தியிலும் ஒன்றைத் தோண்டினோம். அதன் வேர் நேராகக் கீழே கீழே போய், என் முழங்கையைத் தாண்டி இறங்கியிருந்தது. எண்பத்தேழின் வேர் என் நடுவிரல் நீளம். மேல்மண்ணிலேயே சுருண்டு, புல்வேர்ப் பாய்க்குள் சிக்கி, அரை லிட்டர் விழுகிற இடத்தைச் சுற்றிச் சுற்றியே வளர்ந்திருந்தது.

"மேல மேல கொஞ்சமா ஈரம் கிடைச்சதால கீழ போகவே இல்ல" என்றார் மேடம். ரொம்ப மெதுவாகச் சொன்னார். என்னைக் காயப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பார். "நீங்க ஊத்தாம இருந்திருந்தா இதுல பத்தோ பன்னெண்டோ தானா இறங்கி வேர் பிடிச்சிருக்கலாம். தெரியாது. இனி தெரியவும் தெரியாது."

கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்த அக்கா, "வாரத்துக்கு ரெண்டு நாள் வாசல்லயே சோறு வந்தா, எவன் வேலை தேடி வெளிய போவான்?" என்றாள். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேரைக் கையில் வைத்துக்கொண்டு.

ஒரு வருடம் கழித்து மேடத்தின் புது அறிக்கை வந்தது. புல் கன்றின் தண்ணீரைக் குடித்துவிடுகிறது, முதல் வருடம் களையெடுப்பது தண்ணீர் ஊற்றுவதைவிட முக்கியம் என்பதுதான் முடிவு. அக்கா கையால் அள்ளிப் பார்த்துச் சொன்னது, இப்போது எண்ணோடு. பிழைகள் என்ற தலைப்பில் என்னைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. நன்றியுரையில் என் வரியைத் தேடினேன். இருந்தது. 'நேர்மையான' மட்டும் போயிருந்தது. கைகள் இருந்தன.

அதே கோடையில் சரிவில் ஈரம் அளக்கப் போனேன். மேலே அக்காவின் ஆட்கள் வரிசையாகக் குனிந்து வந்துகொண்டிருந்தார்கள். கீழ்ப்பகுதிக்கு இன்னும் வரவில்லை. அங்கே புல் முழங்கால் அளவு. அதற்குள் ஒரு கன்று, இலைகளை மூடிக்கொண்டு. கம்பியைக் குத்தினேன். ஆறு. இடுப்பில் பாட்டில் தொங்கியது. குலுக்கிப் பார்த்தேன். அரை லிட்டர் இருக்கும்.

மூடியைத் திறந்தேன். அந்த நொடி யாராவது பார்த்திருந்தால் நான் எதற்குத் திறந்தேன் என்று சத்தியம் பண்ணியிருக்க முடியாது. நானும் பண்ண மாட்டேன். மடமடவென்று நானே குடித்துத் தீர்த்தேன்.

பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, கன்றைச் சுற்றி இருந்த புல்லைக் கையால் இழுக்க ஆரம்பித்தேன். பாதி கையோடு வந்தது, பாதி அறுந்தது.

மேலேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"ஏண்டா, முடி வெட்டிவிடுறியா அதுக்கு? வேரோட பிடுங்குடா!"